மோட்டார் தொட்டியில் ஒரு தவளை

முப்பிடாதியின் புருஷன் அந்த உப்பளத்தில் தண்ணீர் மோட்டார் ஓட்டியவர். அவர் செத்த பிறகு முதலாளி அந்த வேலையை அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மோட்டார் ரூம்தான் வீடு. ஒரே மகள் சண்முகசுந்தரி திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். ஐப்பசி மழை இறங்கி உப்பு வாருவது நின்றதும் வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் தை பிறக்கும்வரை ஈ காக்கை கிடையாது.

இந்த வருஷம் பெய்த பேய்மழை, போர்க்குழாயின் உப்புத்தண்ணீர் விழுகிற சிமெண்டுத் தொட்டியின் உப்பையெல்லாம் கழுவிவிட்டு நல்ல தண்ணீரை நிரப்பியது. ஒருநாள் காலையில் பார்த்தால் அதில் இரண்டு கண்கள்.

அழகென்று சொல்ல அந்தத் தவளையிடம் ஒன்றும் இல்லை. சேற்று நிறத்து முதுகு, அதில் கருப்புப் புள்ளிகள், பொடிப்பொடியாய் மரு. வயிறு மட்டும் வெளுப்பு. கண் இரண்டும் உச்சந்தலையில் இருந்ததால் உடம்பைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு ஊர் விவகாரம் முழுவதையும் பார்க்கும். பின்னங்கால் விரல்களுக்கு நடுவே நுனிவரை சவ்வு. கிட்டப் போனால் உடனே முங்காது. தண்ணீர்மேலேயே தத்தித் தத்தி மறுபக்கம் ஓடும். குளத்து ஓரமே கதியென்று கிடக்கும் பிறவி, தரைக்கு அதிகம் வராது.

அவள் போட்ட சோற்றை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துரைக்கு அசைகிற பூச்சிதான் வேண்டும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரட்டுமென்று பல்பைத் தொட்டிக்கு மேலே இழுத்துக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ‘டிர்ர்ர்’ என்று கேட்டது.

"யாரும்மா அங்கன?"

"என் கூட்டாளிளா. நான் பேசினா பதில் பேசுதான்."

மகள் சிரித்தாள். அம்மா சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அந்த மழைக்காலத்தில் முப்பிடாதி வாய்விட்டுப் பேசியது அதனிடம்தான்.

தை பிறந்தது. முதலாளி போன் பண்ணினார்.

"பாத்தி காஞ்சிட்டுல்லா? நாளைக்கு மோட்டாரப் போட்டுரு."

மோட்டாரைப் போட்டால் தொட்டியில் உப்புத்தண்ணீர் விழும். கடல்தண்ணீரே அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தவளை பிழைக்காது.

"ரெண்டு நாள் கழிச்சுப் போடட்டா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

தவளைக்காக என்று எப்படிச் சொல்வாள்? "சும்மாதான் கேட்டேன்."

மறுநாள் விடிந்ததும் கூடையோடு தொட்டிக்குள் இறங்கினாள். அரைமணி நேரம் அலைக்கழித்துவிட்டுத்தான் சிக்கியது. தொட்டித் தண்ணீரை வாளியில் கோரி, அதை உள்ளே விட்டு, ஈரத்துண்டால் மூடி, பஸ் ஏறி, பக்கத்திலுள்ள புதுக்கோட்டை கிராமத்து நல்லதண்ணீர்க் குளத்தங்கரையில் இறங்கினாள். துண்டை எடுத்தாள். வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

விரலை வாளிக்குள் விட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. உப்பு அள்ளுகிற வாளி. அடியில் விரல் கனத்துக்குப் படிந்திருந்த உப்பு கரைந்திருக்கிறது. வருஷமெல்லாம் வெள்ளையையே பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. என் கையாலேயே கொன்னுட்டேனே என்று கரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு தவளைகள் கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தன. அதே முதுகு, அதே புள்ளிகள். ஆனாலும் அவளுடையது இல்லை. திரும்பி வந்து மோட்டாரைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்: "என்னம்மா, உன் கூட்டாளி சத்தத்தக் காணோம்?"

"போயிட்டான்."

மகள் திருப்பூர் போய் ஐந்து வருஷமாகிறது. வா என்று முப்பிடாதி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பிள்ளைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று இருந்தாள்.

"ஏளா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். ஒத்தையில இருக்க முடியலளா."