அண்ணனும் லூப் பெடலும்

கனடாவுக்குப் போகுமுன் எனக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். சேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது கொழும்பில் ஓர் இசைக்கருவிக் கடைக்கு.

அது சமாதான காலம். வடக்கையும் கொழும்பையும் இணைக்கும் பாதை திறந்திருந்தது. அண்ணனுக்குக் கலியாணம் முடிந்து, அண்ணி முன்னரே கனடாவுக்குத் திரும்பியிருந்தார். இப்போது அண்ணனுக்கும் விசா வந்துவிட்டது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க அம்மாவால் முடியாது. அதனால் வழியனுப்ப ஊர்காவற்துறையிலிருந்து நான் மட்டும் வந்திருந்தேன்.

அண்ணன் கடற்றொழில் செய்தவர். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். தொண்ணூற்றாறில், சண்டையால் இடம்பெயர்ந்திருந்து எங்கள் தீவுக்குத் திரும்பிய நாள் முதல் மாதா கோயிலில் பாட்டுக்குக் கிற்றார் வாசித்தது நாங்கள் இருவரும்தான். அவர் கோர்ட்ஸ் பிடித்து அடிப்பார். நான் அதன்மேல் மெட்டை வாசிப்பேன். வலை இழுத்துக் காய்த்துப்போன கை அவருடையது. ஆனால் கம்பியில் விழும்போது அந்தக் கைக்குப் பாரமே இருக்காது. தொழில் இல்லாத பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு வாசிப்போம். தனியாக வாசித்துப் பழகவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. கிற்றாரின் வயரை அதில் கொழுவி, காலால் ஒருதரம் மிதித்தால் நாம் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொருதரம் மிதித்தால் பிடித்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதற்கு மேல் நாம் மெட்டை வாசித்துக்கொண்டே போகலாம். லூப் பெடல் என்றார்.

“பெரியதுல ட்ரம்ஸும் இருக்கு தங்கச்சி. தனியா வாசிக்கிற மாதிரியே இருக்காது” என்றார் அவர்.

அண்ணன் பெரியதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பொத்தான்கள், சின்னச் சின்ன வெளிச்சங்கள். அவருக்கு அதில்தான் மனம் என்று தெரிந்தது.

“பற்றறியில வேலை செய்யுமோ?” என்று கேட்டேன்.

“சின்னது செய்யும். பெரியதுக்கு கரண்ட் வேணும்.”

“நிப்பாட்டினா அழிஞ்சு போகுமோ?”

அவர் சின்னதில் நாலு கோர்ட்ஸ் வாசித்துப் பிடித்து, நிறுத்தி, வயரைக் கழற்றித் திரும்பக் கொழுவி மிதித்துக் காட்டினார். அப்படியே இருந்தது.

“சின்னதே காணும் அண்ணை, பெரிசு வேண்டாம்.”

“நல்லதா ஒண்டு எடுத்துத் தருவம் எண்டு வந்தனான்.”

“எங்கட வீட்டுக்கு இதுதான் நல்லது. கறண்ட் போற நேரம் எல்லாம் அந்தப் பெட்டியைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?”

அவர் சிரித்தார். பற்றறியில் இயங்கும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றையும், எங்கள் பழைய கிற்றார்களுக்குள் பொருத்துகிற ஒலிவாங்கி ஒன்றையும் சேர்த்து எடுத்தார்.

தங்கியிருந்த லொட்ஜ் அறையில், அன்று மத்தியானம், அவர் கட்டில் விளிம்பில் இருந்து, கனடாவுக்குக் கொண்டுபோகவிருந்த தன் கிற்றாரில் ஒலிவாங்கியைப் பொருத்தி, கோயில் பாட்டுகளுக்கான கோர்ட்ஸை ஒவ்வொன்றாகப் பெட்டியில் பிடித்து வைத்தார். இடையிடையே “இதில மாறோணும்”, “இனிப் பல்லவி” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வாசித்தார். பிறகு மிதித்துக் கேட்டபோது கம்பியின் சத்தம் மட்டும்தான் வந்தது. குரல் ஏறவில்லை. வயர் கிற்றாரிலிருந்துதானே போகிறது என்று அவர் விளங்கப்படுத்தினார். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அவரை விமானம் ஏற்றிவிட்டு ஊருக்கு வந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் பெடலை விறாந்தையில் வைத்துக்கொண்டு பழகத் தொடங்கினேன். முதல் நாள் சத்தம் கேட்டு அம்மா சமையலை விட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு கேட்டார்:

“இவன் ஏன் பிள்ளை ஒரே இடத்திலேயே சுத்திக்கொண்டு நிக்கிறான்? மிச்சப் பாட்டு வராதோ?”

“நான் சரியா வாசிக்குமட்டும் அவர் அங்கதான் அம்மா நிப்பார்.”

“பாவம் அவன்” என்றார் அம்மா.

ஆனால் என்னால் சரியாக வாசிக்க முடியவில்லை. ஒரு மாதா பாட்டில், பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகிற இடத்தில் விரலை நன்றாக நீட்டிப் பிடிக்கவேண்டும். இத்தனை வருடமும் அங்கே நான் தடுக்கியதாக நினைவில்லை. பெட்டியோடு வாசித்தபோது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அண்ணனின் கோர்ட்ஸ் என்னைவிட்டு முன்னுக்குப் போய்விட்டது. ஓடிப் பிடிப்பேன். அடுத்த சுற்றில் திரும்பவும் பிந்துவேன். பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகு, லொட்ஜில் அவசரத்தில் அண்ணன் வேகமாக வாசித்துவிட்டார் என்று முடிவுசெய்தேன்.

அவர் தொலைபேசியில் வந்தபோது குறை சொன்னேன்.

“அண்ணை, அந்தப் பாட்டை நீங்கள் கெதியா வாசிச்சு வச்சிருக்கிறியள். சரணத்துக்குப் போற இடத்தில என்னால வர ஏலாமல் கிடக்கு.”

அவர் அந்த இடத்தை முணுமுணுத்துப் பார்த்தார்.

“கெதியா வாசிக்கேல்லைப் பிள்ளை. அந்த இடத்துக்கு வர உனக்கு எப்பவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் நிண்டு கூட்டிக்கொண்டு போறனான். பெட்டி நிக்காதுதானே.”

“எப்ப தொடக்கம்?”

“துவக்கத்திலயிருந்து.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீ பயந்து பயந்து வாசிப்பாய்.”

தொலைபேசியை வைத்துவிட்டு, நாங்கள் வாசித்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பெருநாள் பூசைகள், கலியாணங்கள், செத்தவீடுகள். ஒவ்வொன்றிலும் அந்த ஓர் இடத்தில் ஒருவர் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியில் இன்னும் இடம் இருந்தது. அவர் வாசித்ததை அழிக்காமல், அதே கோர்ட்ஸை நானே மெதுவாக வாசித்துப் பிடித்து வைத்தேன். அதுவரை நான் கோர்ட்ஸ் பக்கம் போனதே இல்லை. என் கோர்ட்ஸ் கரடுமுரடாக இருந்தது. அதோடு மெட்டை வாசித்து, கொஞ்சம் வேகம் கூட்டித் திரும்பப் பிடித்து, திரும்ப வாசித்து, மாரி தொடங்குகிற நேரத்தில் ஒருநாள் அண்ணனின் கோர்ட்ஸோடு பிந்தாமல் சரணத்துக்குள் போனேன். அம்மா குசினிக்குள்ளிருந்து “அப்பாடா” என்றார்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மூடப்பட்டது. சாமான்கள் தட்டுப்பாடாயின. பற்றறி கடைகளில் இல்லாமல் போயிற்று, கிடைத்தால் ரேடியோவுக்குத்தான் தேவைப்பட்டது. பெடலைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். கோயிலில் தனியாக, மெட்டை விட்டு, கோர்ட்ஸ் மட்டும் வாசித்தேன். சனம் பாடும்போது இழுக்கிற இடங்களில் நானும் நின்று கூட்டிக்கொண்டு போனேன். அந்த வருடங்களில் சனம் மிகவும் இழுத்துத்தான் பாடியது.

சண்டை முடிந்த வருடம், ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்திருந்தோம். அண்ணன் தொலைபேசியில் வந்தார். அங்கே சனி இரவு. குழந்தையும் அண்ணியும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். கிற்றாரைத் தொட்டு மாதக்கணக்காகிறது, மெட்டு வாசிக்க ஆள் இல்லாமல் வெறும் கோர்ட்ஸ் அடிக்க அலுப்பாக இருக்கிறது என்றார்.

“இண்டைக்கு நீங்கள் மெட்டை வாசியுங்கோ. கோர்ட்ஸ் நான் பாக்கிறன்.”

“நீயோ?”

“ஓம், நான்தான்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் மடியில் வைத்தேன். நான் தொடங்கினேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அவருடைய மெட்டு வந்தது. என் சத்தம் அவ்வளவு தூரம் போய், அவருடையது திரும்பி வர நேரம் எடுக்கும்தானே. நான் அடுத்த கோர்ட்டுக்கு மாறிய பிறகே முந்தைய அடி வந்து விழுந்தது. கேட்கச் சகிக்கவில்லை. என் கை பழக்கத்தில் அவருக்காக நிற்கப் பார்த்தது.

“நிக்காத” என்றார் அண்ணன். “நீ நிண்டா எனக்கு இங்க குழம்புது. நீ போ.”

“எனக்கு இங்க ஒண்டும் பொருந்தேல்லை அண்ணை.”

“இங்க சரியாக் கிடக்கு. இங்க நீ பக்கத்தில இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு.”

நான் அவருடைய சத்தத்தைக் காதில் வாங்காமல், காலால் தாளம் தட்டிக்கொண்டு, நிற்காமல் வாசித்தேன். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்து, கிற்றாருக்குக் கிட்டே நீட்டிக்கொண்டிருந்தார்.