மூக்கரின் இரண்டாவது மூக்கு

என் தாய்மாமா பேக்கரி வைத்திருந்தார். கீழே கடையும் அடுப்பும். மேலே அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் கடிகாரம் பார்த்து எழுந்ததாக நினைவில்லை. விறகுப் புகை படியேறி வந்தால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம். பன்னின் மேல்தோல் சிவக்கிற வாசனை வந்தால் பல் தேய்க்க வேண்டும். ரொட்டி வாசனை வந்த பிறகும் போர்வைக்குள் கிடந்தால் அன்றைக்குப் பஸ் போய்விட்டது என்று பொருள். சாயங்காலம் திரும்பி வரும்போது பிஸ்கட்டுக்குப் போட்ட வெனிலா தெருமுனைக்கே வந்து என்னைக் கூட்டிப்போகும். சீருடை, புத்தகம், தலைமுடி என்று எல்லாவற்றிலும் அது ஏறியிருந்தது. “உன் பக்கத்துல உக்காந்தா பசிக்குதுடி” என்று ஒருத்தி வகுப்பில் இடம் மாற்றிக் கேட்டாள்.

தெருவுக்கு மாமா மூக்கர். பார்க்கப்போனால் சப்பை மூக்குதான். ஆனால் கடை வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நிற்பவர் பாதிப் பேச்சில் உள்ளே திரும்பி, கடைப் பையனிடம் பின்வரிசைத் தட்டை இறக்கச் சொல்லுவார். விறகு அடுப்பில் பின்மூலை சீக்கிரம் சூடேறும். முன்வரிசை வெளுத்திருக்கும்போதே பின்வரிசை கருகத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியைக் கண்ணால் பிடிக்க முடியாது. மாமா மூக்கால் பிடித்தார். மாவு மூட்டையைப் பிரிக்காமலே பழைய மாவு என்று திருப்பி அனுப்புவார். “வெளியில இருந்தே கண்டுபிடிச்சா நாங்க எப்படிங்க பொழைக்கிறது?” என்று மாவுக்காரர் அலுத்துக்கொள்வார். நான் பையோடு படியேறும்போது தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார்: “பஸ்ல வரல, நடந்து வந்திருக்க. வழியில ஐஸ்கிரீம் வேற. அம்மாகிட்ட சொல்லட்டுமா?”

அத்தை பேக்கரிப் பக்கமே வரமாட்டாள். நாலு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் முகத்துக்குச் சட்டம் பொருத்திப் பார்த்து, காதோரம் வளைத்துச் சரிசெய்து கொடுப்பாள். குளிர்ந்த அறை, சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள், நடுவில் அத்தையின் சுழல் நாற்காலி. “என்மேல மாவு இல்லாம ஒரு இடத்துல உக்காந்திருக்கேன் பாரு, அதுவே பெரிய சம்பளம்” என்பாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு வந்த முகங்களைப் பற்றித்தான் பேச்சு. சட்டம் மாற்றியதும் பத்து வயது குறைந்துபோன பள்ளித் தலைமையாசிரியை, கண்ணாடி போட்ட பிறகுதான் தன் புருஷனைச் சரியாகப் பார்த்ததாகச் சொன்ன பெண் என்று எங்களைச் சிரிக்கவைத்தே சோற்றை முடிக்க வைப்பாள்.

விபத்து நடந்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். வழக்கமில்லாத வேளையில் போன் அடித்தது. அம்மா, “பதறாத, மாமாவுக்கு ஒண்ணுமில்ல” என்று தொடங்கினாள். ஒன்றுமில்லை என்று தொடங்கினால் என்னவோ இருக்கிறது. காலையில் டீக்கடைகளுக்கு ரொட்டி போடப் போயிருக்கிறார். மேஜை நாற்காலி ஏற்றிய வேன் ஒன்று சந்திலிருந்து பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்து அவருடைய மொபெட்டைத் தள்ளிவிட்டது. இடது கை முறிந்தது. பின்மண்டை நடைபாதைக் கல்லில் மோதியது. கை சேர்ந்துவிடும், தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். நான் அழுது முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

மாமா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மேலறையில் கட்டோடு படுத்திருந்தவர் அத்தையைக் கூப்பிட்டார்.

“ஏன் இன்னும் அடுப்பு பத்த வைக்கல?”

“ரெண்டாவது ஈடே இறக்கியாச்சுங்க” என்றாள் அத்தை. அந்த நேரம் அறை முழுக்க ரொட்டி வாசனை நின்றதாம்.

மூளை குலுங்கியதில் வாசனை நரம்பு அறுந்திருக்கிறது, திரும்பி வருவது சந்தேகம் என்று காது மூக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தார். அம்மா அதைப் படமெடுத்து அனுப்பினாள். அவசர அவசரமாகப் படித்து, ஆங்கிலத்தில் இதற்கு அனாஸ்மியா என்று பேர், நிறையப் பேருக்கு வருவதுதான் என்று போனில் மாமாவிடம் சொன்னேன். “பொண்ணு பேரு மாதிரி நல்லா இருக்கே” என்றார்.

விஷயம் வெளியே போகக்கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. மாமாதான் பிடிவாதம் பிடித்தார். டிரைவருக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் யார் பஸ்ஸில் ஏறுவார்கள் என்று கேட்டார். அதனால் அத்தை கண்ணாடிக் கடையில் சொல்லிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கம் நின்றாள். தட்டு இறக்கும் பதம் வந்ததும் கரண்டியால் தகரத்தில் ஒரு தட்டு தட்டுவாள். மாமா போய் நல்ல கையால் இறக்குவார். கை முறிந்த மனுஷனுக்கு ஒத்தாசையாக நிற்கிறாள் என்று தெரு நினைத்தது. கை சேர்ந்தது. அத்தை நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் அவளுடைய புடவைகளெல்லாம் ஒரே நிறமாகிவிட்டன, மாவு நிறம்.

வழக்குப் போட்டது அதற்குப் பிறகுதான். வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி கைக்கு நஷ்டஈடு தரத் தயாராக இருந்தது. கைக்கு எக்ஸ்ரே இருந்தது. மூக்குக்கு எதைக் காட்டுவது? அத்தைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடைத்தெருவில் மின்சார அடுப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். சூடு எல்லா மூலைக்கும் சமம், வெந்ததும் மணி அடிக்கும். அது வந்தால் அடுப்புக்கு மூக்கே வேண்டாம். கண்ணாடிக் கடை முதலாளி அவளுடைய நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. எவ்வளவு நாள் போடாமலிருப்பார் என்பதுதான் அவள் கவலை. போன் பண்ணும்போதெல்லாம் மாமாவின் கையைப் பற்றிக் கேட்பேன். அவள் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்வாள்.

முதல் விசாரணைக்கு, தொழிலைப் பற்றிச் சொல்ல ஒரு வாடிக்கையாளர் வேண்டும் என்றார் எங்கள் வக்கீலம்மா. மாமா, தினமும் ரொட்டி வாங்கும் பழைய நண்பர் டீக்கடைக்காரரைக் கூட்டிப்போனார். ஆனால் எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை; கூச்சம். கை உடைந்த கேஸ் என்றே நினைத்துக்கொண்டு அவர் கூண்டில் ஏறினார். விபத்துக்கு அப்புறம் ரொட்டி எப்படி இருக்கிறது என்று கம்பெனி வக்கீல் கேட்டதும், நண்பனின் ரொட்டிக்கு யாரோ குறை சொல்கிறார்கள் என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “முன்னைக்கு இப்ப இன்னும் நல்லா இருக்குங்க. அந்த மூக்குக்கு முன்னாடி எவன் நிப்பான்?” என்றார். கம்பெனி வக்கீல், வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்த டீக்கடைக்காரர் மாமாவின் முதுகில் தட்டி, “விட்டுக் குடுத்திருவேனா?” என்றாராம். மாமா அவருக்கு நன்றி சொன்னாராம்.

இரண்டாவது விசாரணைக்கு நான் விடுப்பில் வந்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து வந்து பையை வைப்பதற்குள் வீட்டில் சண்டை. அத்தையைச் சாட்சிக்கு ஏற்றினால் ஒழிய வழியில்லை என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். மாமா, கைக்குக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஆளை விடச் சொன்னார்.

“ரொட்டி நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. நான் எந்த வாயால இல்லைங்கறது? நீ கூண்டுல ஏறிச் சொன்னா மறுநாளே தெருவுக்குத் தெரியும். கடையைப் பூட்டிட்டு என்ன பண்றது?”

அத்தை தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“உங்க மூக்கு போனதுக்கு நீங்க வேணாம்னு சொல்லிக்கலாம். என் வேலை போனதுக்கு நீங்க எப்படி வேணாம்பீங்க?”

மாமா ஒரு தட்டை எடுத்து, அதில் கருகி ஒட்டியிருந்த சர்க்கரையைச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டி முடித்த பிறகு, “எத்தனை மணிக்குப் போகணும்?” என்றார்.

நீதிமன்ற அறை சிறியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர், தான் தேவைப்படலாம் என்று கூப்பிடாமலே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலில் டாக்டர். பரிசோதனையில் அம்மோனியா பாட்டிலை நீட்டியபோது மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. அப்படியானால் வாசனை தெரிந்திருக்கிறதே என்றார் கம்பெனி வக்கீல். அந்த எரிச்சல் வேறு நரம்பு வழியாகப் போவது, பொய் சொல்கிறவர்கள் அதுவும் தெரியவில்லை என்பார்கள், இவர் ‘ஏதோ குத்துது, என்னன்னு தெரியல’ என்றார் என்று டாக்டர் விளக்கினார்.

பிறகு அத்தை ஏறினாள். ரொட்டி நன்றாகத்தானே இருக்கிறது, நஷ்டம் எங்கே என்று அவளிடமும் கேட்டார் கம்பெனி வக்கீல்.

“நல்லா இருக்குங்க. நான் பக்கத்துல நிக்கறதால நல்லா இருக்கு” என்றாள் அத்தை. “நான் நின்னுட்டே இருக்கேன்ல, அதுதாங்க நஷ்டம்.”

நீதிபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். முன்பு என்ன வேலை செய்தீர்கள், அடுப்புப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று அவரே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தை தரையைப் பார்க்காமல், கண்கலங்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆனால் அவள் பார்வை நீதிபதியின் முகத்தைவிட்டு நகராதது எனக்கு என்னவோபோல் இருந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவில்தான் சொன்னாள்: “அந்த மனுஷன் கண்ணாடி ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்குது. காதோரம் லேசா வளைச்சா போதும். கை துறுதுறுன்னு இருந்துச்சு.”

மாமா பயந்ததுபோலவே, நாங்கள் வருவதற்கு முன்னே விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. கடை மூடும் அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் ரொட்டியை முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். ஒரு அம்மாள் மாமாவிடம் நேராகவே, “அப்ப இத்தனை நாளா யாரு மூக்கு?” என்று கேட்டு, பதில் கிடைத்ததும் அத்தையிடம் கூடுதலாக இரண்டு பன் கேட்டு வாங்கிப் போனாள். டீக்கடைக்காரர் மட்டும் வரவில்லை. மாமா வியாபாரத்தின் நடுவே தெருமுனையைப் பார்த்தபடி இருந்தார்.

நான் வெளிநாடு திரும்புவதற்கு முன்னால் ஒரு காலை டீக்கடைக்காரர் வந்து கல்லாவுக்கு எதிரே நின்றார்.

“என்னைக் கூண்டுல ஏத்தி முட்டாளாக்கிட்டீங்களே, மூக்கரே.”

“இன்னும் மூக்கர்ங்கறீங்க.”

“பழகிடுச்சு, என்ன செய்ய? அந்தப் பக்கத்துக் கடை ரொட்டியை டீயில நனைச்சா கரைஞ்சு அடியில போயிடுது. கிளாஸைக் கவுத்துத் தேட வேண்டியிருக்கு. குடுங்க, வழக்கம்போல.”

மாமா ரொட்டியைக் கட்டிக் கொடுத்தார். சாட்சிக்கு முன்பே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்றார் டீக்கடைக்காரர். அதோடு பேச்சு மழையின் பக்கம் போய்விட்டது.

தீர்ப்பு வந்தபோது நான் வெளிநாடு திரும்பியிருந்தேன். கேட்டது முழுக்க இல்லை. அடுப்புக்குப் போதுமானது இருந்தது. போனில் அத்தை புது அடுப்பின் மணியை அடித்துக் காட்டினாள். அவள் குரலைவிட மணிச்சத்தம் பெரிதாகக் கேட்டது.

அடுத்த விடுப்பில் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். சின்ன வயதுப் பழக்கம். அங்கிருந்து நடந்துதான் வரவேண்டும். வெனிலா இருந்தது, ரொட்டி இருந்தது. அதற்கெல்லாம் அடியில் எப்போதும் இருக்கிற புகை இல்லை. வெளிநாட்டுக் குளிரில், ஜன்னல் திறக்காத அறைகளில், கண்ணை மூடி நான் தேடிப் பிடித்துவைத்திருந்தது முக்கால்வாசி அந்தப் புகையைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைக்குள் போனதும் மாமா முதலில் கேட்டது அதைத்தான். “வாசனை எப்படி இருக்கு?”

பொய் சொல்ல நினைத்தேன். “புகை இல்ல மாமா” என்றேன்.

“எனக்கு இருக்கு” என்றார். “உங்களுக்கெல்லாம் கரண்டு அடுப்பு. எனக்கு மட்டும் பழைய அடுப்புதான் எரியுது. விறகுச் செலவும் கிடையாது.”

சிரித்தார். புது அடுப்பு சுவரோரம் வெள்ளையாக, ஒரு மாவுத் தடம்கூட இல்லாமல் நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போது அத்தை வேலை முடிந்து வந்தாள். இஸ்திரி கலையாத நீலப் புடவை, தோளில் பை, கையில் கண்ணாடி துடைக்கிற சின்னத் துணி. அதைக் கடையில் வைத்துவிட்டு வர மறந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, சட்டம் பொருத்துகிறவள்போல் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். அப்போது அடுப்பில் மணி அடித்தது.

மாமா அசையவில்லை. திரும்பி அத்தையைத்தான் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்கறீங்க? மணி அடிச்சாச்சு, இறக்குங்க” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, அத்தை படியேறிப் போய்விட்டாள்.