மேலாளர் படித்த நாவல்

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. மேலாளர் அறையில் ஒரு மணி உண்டு. ஒரு தடவை அடித்தால் பியூன், இரண்டு தடவை அடித்தால் நான். முதல் தடவை அடிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். டாக்டர் கேஸ் டிரபிள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதில் ஒன்றும் சரியாகவில்லை. அதனால் நாவல் எழுதினேன்.

நாவலில் ஒரு பெண் கிளார்க். மணிக்குப் பயந்து பழைய கோப்புகள் அடுக்கிய ரெக்கார்டு ரூமுக்குள் ஒளிந்துகொள்கிறாள். யாரும் தேடவில்லை. அங்கேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, கடைசியில் ஓய்வும் பெற்றுவிடுகிறாள். சம்பளம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

புத்தகம் அச்சாகி, தலத்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒரே மூச்சில் படித்தார். இலக்கிய ஆர்வம் ஒன்றும் இல்லை.

"இதுல நான் எங்க வர்றேன்?"

"நீங்க வரவே இல்ல."

அதற்கும் கோபித்துக்கொண்டார்.

ஆபீஸில் மூச்சு விடவில்லை. ஆனால் கருக்களாச்சேரியிலிருந்து வரும் பக்கத்து சீட் அக்கா புத்தகத்தை எங்கோ வாங்கிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் மீன்குழம்பு விரலோடு பக்கம் புரட்டி எல்லோருக்கும் வாசித்தார். நாவலில் தூங்கிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர் யார், அடுத்தவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறவர் யார் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டிச் சிரித்தார்கள். தன்னை மட்டும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மணி இரண்டு தடவை அடித்தது. உள்ளே போனேன். மேசையில் என் புத்தகம். மாஹேயா, ஏனாமா, எங்கே தூக்கி அடிக்கப்போகிறார் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"உக்காருங்கம்மா."

அந்த நாற்காலி கோப்பு வைப்பதற்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"இதுல வர்ற மேலாளர், எனக்கு முன்னாடி இருந்தவர்தானே?"

முன்னால் இருந்தவர் பரமசாது. "எல்லாம் கற்பனை சார்" என்றேன்.

"மறைக்காதீங்க. கோப்பைத் தூக்கி எறியிறது, தப்பே இல்லாத இடத்துல சிவப்பு மையில சுழிக்கிறது. மனுசனா அவரு? நீங்கள்லாம் பாவம்மா" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த கோப்பைத் தூக்கி எறிந்தார். என் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்து வைத்தேன்.

அதற்குள் புதுச்சேரி தலைமை அலுவலகத்திலிருந்து போன். மேலாளர் எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சார், சார், இல்ல சார், என் தப்புதான் சார்." போனை வைத்தபோது முகமெல்லாம் வியர்வை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நிஜமாவே அப்படி ரெக்கார்டு ரூம்ல போயி இருந்துட முடியுமாம்மா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"நம்ம ரெக்கார்டு ரூம் மழைக்கு ஒழுகுது சார்."

"ஆமாமில்ல" என்று வருத்தமாகத் தலையாட்டினார். உடனே பழையபடி மேலாளராகவும் ஆகிவிட்டார். "உங்களுக்குத்தான் எழுத்து வருதே, இந்த வருஷ ஆண்டறிக்கையை நீங்களே எழுதிடுங்க."

அன்றிலிருந்து வருஷா வருஷம் நான்தான் எழுதுகிறேன். அதில் எல்லாத் திட்டங்களும் குறித்த காலத்தில் முடிகின்றன. ஊழியர்கள் மனநிறைவோடு பணிபுரிகிறார்கள். நடை பிரமாதம் என்று புதுச்சேரியில் பாராட்டினார்களாம். நாவலுக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை.