ஆடி விருந்தும் நூற்று நாற்பத்தேழு ராத்தலும்

உலகத்தின் தலைசிறந்த வெல்டர்வெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் யார் யார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். நான் யாரையும் ஒரு குத்துக் குத்தியவளில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் என் காதில் அதிகம் விழுந்தது அந்தப் பட்டியல்தான். என் வீட்டுக்காரர் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர். அங்கே தன் எடையில் சாம்பியனாக இருந்தவர். சங்கரன்கோவிலுக்கு வந்து பருத்திப் பேட்டையில் வேலை பார்த்தார். சாயங்காலமானால் தேரடிப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்து பட்டியல் பேசுவார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மிச்சத்தை என்னிடம் பேசுவார்.

வெள்ளைக்காரப் பெயர்கள் சலூனில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதலிடம் தாளக்காரனுக்கு, அவன் காலை வைத்தே எதிராளியைக் கிறங்கடிப்பானாம். இரண்டாவது ஓயாதவன், மணி அடித்ததும் முன்னால் வர ஆரம்பித்தால் மறு மணிவரை பின்வாங்க மாட்டான். மூன்றாவது தாடைக்காரன், எத்தனை தரம் விழுந்தாலும் எழுந்துவிடுவான். நாலாவது ஒத்தைக்கையன், இடது கைதான் வரப்போகிறது என்று தெரிந்தும் எல்லாரும் அதில்தான் விழுந்தார்கள். இப்படி ஒன்பது பேர். ஓயாதவனுக்குத்தான் முதலிடம் என்று சலூன்காரர் மல்லுக்கட்டுவார். கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்பதற்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு சண்டை நடந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அளவுகோல். ஓங்கி அடிப்பது பெரிதில்லை, விழுந்த பிறகு எப்படி எழுந்தான் என்பதுதான் பெரிது என்பார். பெரிய ஆளின் பலமும் சின்ன ஆளின் வேகமும் ஒரே உடம்பில் இருக்கும் எடை இந்த வெல்டர்வெயிட் ஒன்றுதான், நூற்று நாற்பத்தேழு ராத்தல், வெள்ளைக்காரன் கணக்கில் பவுண்டு, அதற்கு மேலே போனால் வேகம் போச்சு, கீழே இறங்கினால் பலம் போச்சு என்பார். பத்தாவது இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். அது உங்களுக்குத்தானே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பூரா முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனுஷன் ஒல்லி. அதோடு தாடியும் தோளில் புரளும் முடியும். மகன் உயிரோடு திரும்பினால், கல்யாணம் முடித்து, பெண்டாட்டியோடு வந்து ஆடித்தபசுத் திருவிழாவன்று கோமதியம்மனுக்கு முடி இறக்க வைக்கிறேன் என்று என் மாமியார் நேர்ந்திருந்தாள். பட்டாளத்தை விட்டு வந்த நாள்முதல் கத்தி படாத தலை. இந்தச் சாமியாரா சாம்பியன் என்று பேட்டையில் சிரித்தார்கள். என் அப்பா ஒருபடி மேலே போனார். அவர் குருவிகுளத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி. கரிசல்காட்டில் தனியாக மாடு பிடித்து அடக்குகிற ஆள்.

"எடை போட்டுப் பாத்து, எனக்குச் சமமான ஆளு கூடத்தான் அடிப்பேன்னா, அது என்னட்டி வீரம்?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளக்காரனும் எடை போட்டுத்தான் ஏறினான் என்றேன். அது யாரு, எந்த ஊரு என்றார் அப்பா.

சுதந்திரம் வந்த மறு வருஷம், மதுரைக்குப் போய்வரும் டிரைவர் ஒருவர் மூலம் சலூன்காரர் ஒரு பந்தயம் பேசி முடித்தார். மதுரை மில் ஒன்றில் இதே எடையில் சாம்பியனாக இருந்தவன் தபசுக்கு முந்தின நாள் எங்கள் பேட்டைக்கே வருவான். ஒரே நிபந்தனை, நூற்று நாற்பத்தேழு ராத்தல். அதற்கு ஒரு பொட்டு கூடினாலும் மோதாமலே மதுரைக்காரனுக்கு வெற்றி. என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார்: "இதுலயும் பேரு கெட்டுப்போச்சுன்னா நான் இந்த ஊருல இருக்க மாட்டேன். மறுபடி பட்டாளத்துக்கே போயிருவேன்." அன்றிலிருந்து எனக்கு அந்த ராத்தல் கணக்குத்தான் நினைப்பு.

ஆனால் அது எங்களுக்குத் தலை ஆடி, கல்யாணமாகி வந்த முதல் ஆடி. மாதம் பிறந்ததும் அப்பா வந்து இருவரையும் குருவிகுளத்துக்கு அழைத்துப்போனார். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை, மாமனார் பரிமாறுவதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீட்டில் குறை கண்டுவிட்டார் என்று அர்த்தம். காலையில் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, மத்தியானம் நாட்டுக்கோழி, ராத்திரி நெய்ச்சோறு. கையை இலைமேல் குறுக்கே வைத்தால் அப்பா விரல் இடுக்கு வழியாகவே நெய்யை ஊற்றுவார். நான் தனியே கூப்பிட்டு எடை விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். மெலிஞ்சு போனால் மதுரைக்காரன் ஊதித் தள்ளிவிடுவான், உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் செய்தது முழுக்கப் பாசம். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. விடியுமுன் இவர் கண்மாய்க் கரையில் ஓடிவிட்டு வருவார்; வந்ததும் களி காத்திருக்கும்.

பந்தய நாள் காலை ஊர் திரும்பியதும், பேட்டையில் பருத்தி நிறுக்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் கற்களை அடுக்கி, மறு தட்டில் இவரை உட்காரவைத்தார்கள். தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை. சின்னக் கற்களைப் போட்டுப் பார்த்ததில் இரண்டு ராத்தலுக்கு மேல் அதிகம். மதுரைக்காரர்கள் நல்லவர்கள், மத்தியானம்வரை நேரம் கொடுத்தார்கள். இவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆடி வெயிலில் ரத வீதியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். தபசுக்கு வந்த கூட்டம், ஏதோ நேர்த்திக்கடன் போல என்று வழிவிட்டது. திரும்பி ஏறியபோது இன்னும் கால் ராத்தல் பாக்கி. உடம்பில் வியர்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. உதடு வெடித்திருந்தது. அப்பா இலையில் ஊற்றிய நெய்யெல்லாம் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தது அவருக்கே தெரிந்துவிட்டது. தலை கவிழ்ந்து நின்றார்.

பெண்கள் நின்ற இடத்திலிருந்து நான் நேரே என் மாமியாரிடம் போனேன். "அத்தை, முடிய நாளைக்குக் குடுத்தா என்ன, இன்னைக்குக் குடுத்தா என்ன? வாங்கிக்கிடப் போறவ ஒருத்திதானே" என்றேன்.

 அவள், ஜோடியாகத்தான் போக வேண்டும், நீயும் வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோயிலில் சலூன்காரரே கத்தி எடுத்தார். இரண்டு வருஷத்து முடியும் தாடியும் கீழே குவிந்தது. தலையில் சந்தனம் பூச யாரோ கிண்ணத்தோடு வந்தார்கள். எடை போட்ட பிறகு சந்தனத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சலூன்காரர் அவரை விரட்டினார்.

மூன்றாம் முறை தட்டு மெல்ல எழும்பி, ஆடி, நேராக நின்றது. நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் குனிந்து முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆறு சுற்று. மதுரைக்காரன் லேசுப்பட்டவன் இல்லை. மூன்றாவது சுற்றில் இவர் விழுந்தார். நான் கண்ணை மூடவில்லை. எப்படி எழுந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும் எனக்கு. ஒரு கையை ஊன்றி, அவசரமே இல்லாமல், செருப்புத் தேடி எழுந்திருக்கிற மனுஷன் மாதிரி எழுந்தார். அதற்குப் பிறகு அந்த மதுரைக்காரன் முன்னால் வரவே இல்லை. கடைசியில் சுபேதார் இவர் கையைத் தூக்கியபோது என் நெஞ்சு பெருமையில் விம்மிப்போனது. இத்தனை வயதாகியும் அந்தப் பெருமை ஒரு ராத்தல்கூடக் குறையவில்லை.

சலூன்காரர் கூட்டத்தின் நடுவில் நின்று, பட்டியலில் பத்தாவது இடம் இன்றோடு நிரம்பிவிட்டது என்றார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீங்கிய வாயோடு, அவர்கள் எல்லாம் உலகத்தை ஜெயித்தவர்கள், அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றார். கூட்டமும் சரிதான் என்று தலையாட்டியது.

அப்போதுதான் அப்பா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மாப்பிள்ள சொல்லுதது இருக்கட்டும். அந்த ஒம்பது பேருல எவனாவது, தலை ஆடிக்கு என் வீட்டு விருந்தத் தின்னுட்டு வந்து தராசுல நேரா நின்னுருக்கானா? கேட்டுச் சொல்லுங்க வே."