தம்பி கேட்டதும் நான் தடுத்ததும்

எனக்கு அறுபது வயது. ஒன்பது பேரை வளர்த்து ஆளாக்கியவள் நான். அவர்களில் ஒருவர், இன்று தலைத்திவசம் காணும் என் தம்பி.

புதுச்சத்திரத்தில் அவரைப் பெற்ற ஏழாம் நாள் எங்கள் தாயார் காலமானார்கள். என் மூத்த மகளுக்குக் கொடுத்த பாலில் பாதி தம்பிக்கு. அதனாலோ என்னவோ, அவர் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் பதினெட்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தார். யார் புண்ணையும் கூசாமல் கழுவிக் கட்டுவார். மலாயாவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தாமே பார்க்கும் வேலை வந்தது. உடனே கிளம்பிவிடவில்லை. அங்கே போய்த் திரும்பியவர்களை மூன்று மாதம் ஊர் ஊராகத் தேடிப் போய் விசாரித்தார். என்ன அரிசி, எந்தத் தண்ணீர், தினமும் மழை என்றால் வேட்டி எப்படிக் காயும், அட்டை கடித்தால் எதைப் பூசுவது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டால் பள்ளிக்கூடம் உண்டா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

பயணத்துக்கு முதல் நாள், அதே தோட்டத்தில் இருந்து திரும்பிய கங்காணி ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

“தயிர் கெடைக்குங்களா?” என்றார் தம்பி.

“பாலே டப்பாவுல வருதுங்க. டப்பாவுக்குள்ள எருமையத் தேடாதீங்க சாமி.”

எல்லோரும் சிரித்தோம்.

“காய்ச்சல் எப்படிங்க? நீங்களாச்சும் மறைக்காமச் சொல்லுங்க.”

கங்காணியின் சிரிப்பு நின்றது. “அதச் சொல்லத்தாங்க வந்தேன். போன மழைக்கு, உங்களுக்கு முன்னால அங்க வேல பாத்தவரு...”

“நிறுத்துங்க!” என்றேன். “கொலசாமிக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்கற ஊட்டுல இதென்னங்க பேச்சு?”

“தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லதுதானுங்கக்கா” என்றார் தம்பி.

“நல்ல வார்த்தையாப் பேசு சாமி. போதும்.”

தம்பி நோட்டை மூடிவிட்டார். கங்காணியும், “உங்க இஷ்டமுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

தம்பி நாலு கடுதாசி போட்டார். மரம், மழை, சோறு எல்லாம் அதில் இருந்தன. காய்ச்சலைப் பற்றி ஒரு வரி இல்லை. கெட்ட பேச்சு அக்காளுக்கு ஆகாதென்று விட்டிருக்கிறார். ஐந்தாவது கடுதாசி வேறு கையெழுத்தில் வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு, அதே காய்ச்சலில் தாமும் படுத்து, ஒன்பதாம் நாள் போய்விட்டார். வயது நாற்பது.

கேட்டிருந்தால் போகாமல் இருந்திருப்பாரோ, போயும் பிழைத்திருப்பாரோ, தெரியாது. நான்தான் கேட்க விடவில்லையே.

அங்கே கொள்ளி வைத்த தோட்டத்து ஜனங்களுக்கும், சாம்பலைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து தம்பி மனைவி கையில் சேர்த்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அச்சாகும் இந்த நினைவு மலரை முதலில் அந்தக் கங்காணி வீட்டில் கொடுங்கள். அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை.

எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. எங்கே, வாசித்துக் காட்டு சாமி. கங்காணியை நான் நிறுத்திய இடத்தை உரக்க வாசி. எனக்காக மழுப்பியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுது.