காலுக்கடியில் ஓடிய ரோடு

திருச்சி ஜில்லாவிலேயே காரின் அடிவயிறு வரை அறிந்த டிரைவர் நான் ஒருவன்தான். சுத்தப் பொய். அடிவயிற்றுப் பக்கம் நான் போனதெல்லாம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தார் பூசுவதற்காக மட்டும்தான். அன்றைக்கும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கண்ணில் தார் சொட்டிவிடும் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டுதான் பூசுவேன்.

"தார் பூசிட்டா இரும்புக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்பார் முதலாளி. அவர் ஸ்ரீரங்கத்தில் பெரிய வக்கீல். நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவன். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவர் அறிவும் சரிசமம்.

அவர் பெண்ணை லால்குடியில் கொடுத்திருந்தது. புகுந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர். முதலாளியின் சம்சாரத்துக்கு, நான் அம்மா என்று கூப்பிடுகிறவருக்கு, அது ஆகவே ஆகாது. "என் பொண்ணு திருக்காவேரி தீர்த்தத்துல வளர்ந்தவடா" என்பார். ஆகவே கல்யாணமான நாள் முதலாக, பின் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் காவிரித் தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைத்து நான் லால்குடிக்கு ஓட்டுவேன். ஒவ்வொரு பள்ளத்திலும் குடம் தளும்பும். கீழே விரித்திருந்த தேங்காய் நார்ப் பாய் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. புண்ணிய தீர்த்தம், புண்ணியமான இடத்துக்குத்தான் போகும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற நாள் வந்தது. நிறைமாதம். பின் சீட்டில் அம்மாவும் பெண்ணும், அவர்கள் காலடியில் காலிக் குடங்கள். முன்னால் என் பக்கத்தில் முதலாளி. லால்குடியைத் தாண்டியதும் பின் கதவு தானாகத் திறந்துகொண்டது. இறங்கிச் சாத்தினேன். மறுபடி திறந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. காலையில் அது இல்லை.

முதலாளி தன் அங்கவஸ்திரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதால் கதவை இழுத்துக் கட்டினேன். கதவு கெட்டுப்போகவில்லை, கதவைத் தாங்குகிற வண்டிதான் நடுவில் தொய்கிறது என்று தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

கொள்ளிடம் பாலத்தின் நடுவில் பெண் குனிந்து பாயின் ஓரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, என் காலுக்கடியில ரோடு ஓடறது."

பிரேக்கை மிதித்தேன். கீழே படுத்து உள்ளே நகர்ந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மொத்த வண்டியையும் தாங்குகிற நீள இரும்புச் சட்டம் வெளியே கறுப்பாக, கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தினேன். தார் உள்ளே அமுங்கியது. தாருக்குப் பின்னால் இரும்பே இல்லை. செம்பழுப்புத் தூளும் பொரித்த அப்பளம் மாதிரி உதிர்கிற தகடும்தான். சரியாகப் பெண் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழே ஒரு வெடிப்பு.

வெளியே வந்து, "எல்லாரும் இறங்குங்க சாமி, வண்டி ரெண்டாப் போகப் போவுது" என்றேன்.

அம்மா சிரித்தார். "போன வாரம் பிரேக் போச்சுன்னு கத்தினியே, அந்த மாதிரியாடா? ராகு காலம் வந்துண்டிருக்கு. அதுக்குள்ள இவளை நம்மாத்துல சேர்க்கணும். ஓட்டு."

"சத்தியமா இது விளையாட்டு இல்லீங்கம்மா."

"போன வாரமும் சத்தியம் பண்ணினியே."

பண்ணியிருந்தேன்தான். அம்மா பதறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது என் உடம்பெல்லாம் பதறுகிறது, நம்ப ஒரு ஆள் இல்லை. முதலாளி கூட, "கோமாளித்தனத்துக்கு நேரம் காலம் இல்லையாடா?" என்றார்.

மறுபடி கீழே படுத்தேன். வண்டியின் துருப்பிடித்த அடித்தகட்டில் கையை வைத்து மேலே தள்ளினேன். கை அப்படியே பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. பெண்ணின் பாதத்துக்குப் பக்கத்தில் என் அஞ்சு விரலும் முளைத்திருக்க வேண்டும். மேலே எழுந்த அலறலில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன.

"பெருமாளே! இறங்குடி, இறங்கு, மெள்ள!" என்றார் அம்மா. ராகு காலத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கி ஓரமாக நிறுத்தினோம். பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. "ஓரங்கட்டுடா" என்றார் முதலாளி. நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன். தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கியர் போட்டதும் காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம். என் சீட் பின்னால் சாய்ந்தது, வானம் தெரிந்தது. குடங்கள் ரோட்டில் உருண்டன. திரும்பிப் பார்த்தால், வண்டி நடுவில் ஒடிந்து, பெண் கால் வைத்திருந்த இடம் ரோட்டில் நசுங்கிக் கிடக்கிறது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அதற்குள் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், வலி எடுத்துடுத்துடா! ஒரு வண்டியை நிறுத்துடா!" என்று கத்தினார் அம்மா.

எதிரே வைக்கோல் பாரத்தோடு ஒரு மாட்டு வண்டி வந்தது. குறுக்கே போய் நின்றேன். வண்டிக்காரர், "என்னய்யா, சாவுறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா?" என்றார். பெண் உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டினேன். அவர் பார்த்தார், பார்த்துவிட்டு...

"டிரைவர்! எத்தனை நாழியாக் கூப்பிடறேன்! எங்கம்மா லால்குடிக்குக் கிளம்பியாச்சு. தீர்த்தக் குடமெல்லாம் வாசல்ல இருக்கு, வந்து வண்டியில ஏத்துங்கோ!"

கூப்பிடுகிறவள் முதலாளியின் பேத்தி, அன்றைக்கு வைக்கோல் மேல் வீடு வந்து சேர்ந்த வயிற்றுக்குள் இருந்தவள். தாவணி போட்டுவிட்டாள், அதிகாரமும் பாட்டி வழியில் வந்துவிட்டது. வண்டி புதுசு. குடங்கள் அதே குடங்கள்.

போகிறேன். முதலில் பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.