இன்னொருக்கா விழு

வெள்ளவத்தையில் கடற்காற்று என் குடையை மேல்நோக்கி மடக்கியதும் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். கமராவோடு நின்ற இளைஞன் படத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தான்.

“ஷேக் ஆகிட்டுது அன்ரி. இன்னொருக்கா குடையை அப்பிடி மடக்குங்கோ.”

நான் சிறுமியாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் என் சித்தப்பாவும் இதே ரகம்தான். பூசைக்குப் போனாலும் கழுத்தில் கமரா தொங்கும். தெருவில் எதிர்பாராமல் நடப்பதைப் படம் பிடிப்பதுதான் கலையாம். முதன்முதலாக நற்கருணை வாங்கும் என் புதுநன்மை நாளன்று மாதா கோயில் வாசலில் வழுக்கி, வெள்ளைச் சட்டையோடு சேற்றில் விழுந்தேன். தூக்க ஓடிவந்த அம்மாவை அவர் தடுத்தார்.

“விலகுங்கோ அண்ணி, மறைக்குது!”

முழங்காலில் இரத்தம் வழிய அசையாமல் கிடந்தேன். பத்துத் தரம் அமுக்கிய பிறகுதான் கமராவுக்குள் ஃபிலிம் இல்லையென்று அந்த மேதைக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு ஃபிலிமோடு வந்தார். அம்மா தோய்த்து மினுக்கி வைத்திருந்த அதே சட்டையை மாட்டி, அதே இடத்தில் என்னை நிறுத்தினார்.

“இன்னொருக்கா விழு பிள்ளை.”

விழுந்தேன். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. வந்தவர்களெல்லாம் “என்ன இயல்பு!” என்று வாயைப் பிளந்தார்கள்.

இளைஞனிடம் கையை நீட்டினேன்.

“கமராவைத் தாரும். நீர் ஒருக்கா விழும் தம்பி, நான் எடுக்கிறன்.”